கதிரேசன் எடுத்த கறுப்புப் படம்

போன மாதம் புகைப்படப் பயிற்சி நிலையத்தில் எனக்குப் பிரிவு உபசார விழா வைத்தார்கள். கேசரியும் வடையும் சாப்பிட்டு முடித்ததும், இனி என் வகுப்புகளை நடத்தப்போகிற நித்யா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"முதல் நாள் பூரா, வெளிச்சத்த அளந்து எடுக்கிற எக்ஸ்போஷர் பாடமே நடத்துறோம். அத எடுத்துரலாமான்னு யோசிக்கிறேன். இப்ப வர்றவங்கள்ல பாதிப் பேரு போனைத்தான் கொண்டு வர்றாங்க. வானத்தையும் தரையையும் அதுவே பாத்து சரி பண்ணிக்கிருது. நாம எதுக்குத் தொண்டத் தண்ணி வத்தப் பேசணும்?"

நியாயமான கேள்வி. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் எழுத உட்கார்ந்தால் பாடம் வரவில்லை. கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்கால் கிராமம்தான் நினைவுக்கு வந்தது. சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழனி அடிவாரத்தில் ஒரு கலர் லேப்பில் பிரிண்ட் போடும் வேலையில் சேர்ந்தேன். ஃபிலிம் ரோல் காலம். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே கொடைக்கானலும் போய் வருகிறவர்கள், இறங்கும் வழியில் ரோலைக் கொடுத்துவிட்டு அங்கேயே காத்திருப்பார்கள். அந்தப் படங்களில் மேகம் மேகமாகவே இருக்காது. அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் எந்த இயந்திரமும் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும், வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கண்ணுக்குச் சரியாகப் படும்வரை பட்டனை அமுக்கி வெளுப்பாக்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஒருநாள் குரங்குக் குல்லா போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கவுண்டரில் நின்று தன் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதப் போட்டது யாரு? மேகம் மேகமாவே இருக்கே."

அவர்தான் வேலாயுதம் சார். கொடைக்கானலில், புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். என்னை வேலைக்குக் கூப்பிட்டார். மறு மாதமே நான் மலையேறிவிட்டேன். முதலில் அவருக்கு உதவியாளர். பிறகு அவரோடு சேர்ந்து பாடம் நடத்துகிறவள். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

சாரின் முறைகள் தனி. ஓர் இடத்துக்குப் போய் இறங்கினால் யாரும் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. "அது பைக்குள்ளயே கெடக்கட்டும். மொதல்ல நீங்க நில்லுங்க" என்பார். நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரிவதில் மிகவும் வெளுப்பானது எது, மிகவும் கறுப்பானது எது என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பதில் சொன்னவர்தான் பையின் ஜிப்பைத் திறக்கலாம். கேமராவைத் தாங்கும் ட்ரைபாடை விரித்து, அதன் மூன்று கால்களில் ஒன்றை எப்போதும் பள்ளத்தின் பக்கம் வைக்கச் சொல்வார். அடிவானம் சாயாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற பேச்சு.

கேமராவின் பின்திரையில் வெளிச்சத்தின் அளவை மேடுபள்ளமாகக் காட்டும் ஒரு வரைபடம் வருமே, அதைப் படிக்கச் சொல்லித் தருவது என் பாடம். அந்த மேடு வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால் வானம் வெளுத்துப் போய்விட்டது என்று அர்த்தம். முழுக்க வெளுத்த இடத்தில் பிறகு என்ன செய்தாலும் ஒன்றும் வராது. கறுத்த இடத்தில் கொஞ்சமாவது ஒளிந்து கிடக்கும், கம்ப்யூட்டரில் போட்டு அதை மேலே தூக்கலாம். அதனால் வானமும் தரையும் ஒரே படத்தில் ஒத்துவராதபோது வானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், முடிந்தால் ட்ரைபாடை அசைக்காமல் ஒன்று கறுப்பாக, ஒன்று நடுவில், ஒன்று வெளுப்பாக என்று மூன்று எடுங்கள் என்பேன். மேகத்துக்குள் நின்று எடுத்தால் மட்டும் தலைகீழ்: கேமரா சொல்வதைவிட வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

படங்களை விமர்சிப்பது சாரின் வேலை. நடுவில் இருப்பதைப் பார்க்கவே மாட்டார். பேனாவின் மூடியால் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார். எங்காவது ஒரு வெட்டுப்பட்ட கிளையோ, யாருடைய செருப்போ தெரிந்தால் நிறுத்திவிடுவார்.

"இதுக்கு இங்க என்ன சோலி?"

திட்டவே மாட்டார். இந்த ஒரு கேள்விதான். ஆனால் பெரிய பெரிய அதிகாரிகள்கூட அதைக் கேட்டால் நெளிவார்கள்.

கோவிட் வருவதற்கு முந்தைய வருடங்களில் ஒரு வகுப்புக்குக் கதிரேசன் வந்தார். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஆயக்குடியில் கொய்யா வியாபாரம். ஐம்பதை ஒட்டிய வயது. வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர். வேலைக்குப் போகிற மகள் வாங்கிக் கொடுத்த கேமராவைப் பச்சைப் பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருப்பார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். முதல் நாள் பாடத்தில் வானம் வெளுக்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, அது அவர் மனதில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது.

மறுநாள் கூக்கால். இருட்டோடு வேனில் கிளம்பி, வெளிச்சம் வரும்போது ஏரிக்கரையில் இருந்தோம். ஏரிப் பாடம் முடிந்ததும் அவரவர் விருப்பப்படி எடுக்கக் கொஞ்ச நேரம் விட்டோம். பிறகு எல்லாரும் முருகாயி வீட்டுக்கு வந்தோம். முருகாயியும் அவள் வீட்டுக்காரரும் பூண்டு, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். நாங்கள் கூக்கால் போனால் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. கூடத்தில் லேப்டாப்பை வைத்து எல்லாருடைய படங்களையும் அதில் ஏற்றி, சார் பார்க்கத் தொடங்கினார்.

கதிரேசனின் முறை வந்தது. வானம் அருமையாக இருந்தது. மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. அதற்குக் கீழே பாதிப் படம் கரிக்கட்டை. வரிசையாக எல்லாப் படமும் அப்படியே.

"மேல எல்லாம் நல்லாருக்கு. கீழ யாரு தார் ஊத்துனது?" என்றார் சார்.

எல்லாரும் சிரித்தார்கள். கதிரேசனும் சிரித்தார். சாரின் பேனா மூடி மூலைகளுக்குப் போனது. இடது கீழ் மூலையில், கறுப்புக்குள் ஒரு கோடு மட்டும் வளைந்து மினுங்கியது.

"இது என்ன, ஒயரா? இதுக்கு இங்க என்ன சோலி?"

"தெரியலைங்க சார். நான் அதப் பாக்கவே இல்ல."

"அதான். வெட்டி விட்ருங்க."

கதிரேசன் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அத்தோடு அடுத்தவருடைய படத்துக்குப் போய்விட்டோம்.

சாப்பாடு முடிந்தது. சிலர் வெயிலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். நான் முருகாயியோடு பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசல் இருட்டியது. எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டைக் காணவில்லை. மேகம் அப்படி இறங்கியிருந்தது. கிளம்பிவிடலாம், இதற்குமேல் பாதை தெரியாது என்று சார் எல்லாரையும் கூப்பிட்டார். வேனில் ஏறிய பிறகு பார்த்தால் கதிரேசனின் இருக்கை காலி.

டிரைவர்தான் சொன்னார். "மேல ஒரு மேடு வரைக்கும் போயிட்டு வெரசா வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாருங்க. அப்ப நல்ல வெயிலுங்க."

"மேலன்னா எந்தப் பக்கம்?"

டிரைவர் கையைத் தூக்கி ஒரு திசையைக் காட்டப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டார். கூக்காலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேலேதான். எல்லாத் திசையும் ஒரே வெள்ளை. போனில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் அவர் போன் வேனில் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சார் தெருவில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேகத்துக்குள் குரல் போகவே இல்லை, பஞ்சுப் பொதிக்குள் பேசுவதுபோல இருந்தது. முருகாயியின் வீட்டுக்காரர் ஏரிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "வடக்குப் பக்கம் போயிருந்தா வம்பு. அங்கன தோட்டம் முடியுற எடத்துல நெட்டுக்குத்தாப் பள்ளம். இன்னும் செத்த நேரத்துல காட்டுமாடு வேற எறங்கும்" என்றார் மெதுவாக. எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். சாரின் முகத்தைப் பார்த்தேன். தார் என்று சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் எடுத்தது சரியாக வரவில்லை என்று, அதே இடத்துக்குத்தான் அவர் மறுபடி போயிருப்பார் என்று தோன்றியது. அந்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் என் லேப்டாப்பில் இருந்தன.

ஓடிப்போய்த் திறந்தேன். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜே-பெக்காக இருந்தால் கஷ்டம். நல்லவேளை, முதல் நாள் எல்லாருடைய கேமராவையும் ரா ஃபைலுக்கு மாற்றி வைத்திருந்தோம். கேமரா வாங்கிய வெளிச்சம் முழுவதையும் குறைக்காமல் வைத்திருக்கும் கோப்பு அது. நிழல் பகுதியைத் தூக்கும் பட்டனைத் திரையில் பிடித்துக் கடைசி வரை இழுத்தேன். பிறகு மொத்த வெளிச்சத்தையும் ஏற்றினேன். வானம் வெளுத்துக் காணாமல் போனது. போகட்டும். கறுப்பு பழுப்பாகி, பழுப்புக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் கொதித்தன. அதற்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கல் கட்டு வந்தது. கட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் பூண்டுத் தாள். மூலையில் சார் ஒயர் என்று சொன்னது, கறுப்பு ஓஸ் பைப். அதன் நடுவில் மஞ்சளாக ஏதோ சுற்றியிருந்தது.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முருகாயி கையைத் துடைத்துக்கொண்டே குனிந்தாள்.

"இது எங்க கொழுந்தன் தோட்டத்து ஓஸுல்ல. பைப்பு வெடிச்சுப்போச்சுன்னு மஞ்சச் சாக்கக் கிழிச்சு நாந்தானே சுத்திவிட்டேன்."

"எங்க இருக்கு அந்தத் தோட்டம்?"

"வடக்க. ஆகக் கடைசித் தோட்டம்." அவள் குரல் இறங்கியது. "ஏங்க, டார்ச்ச எடுங்க."

மற்றவர்களை வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். முன்னால் முருகாயி, பின்னால் நான், எனக்குப் பின்னால் சாரும் முருகாயியின் வீட்டுக்காரரும். தெரு முடியும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் வந்து விழும் ஓஸ் பைப்பை முருகாயி தொட்டுக் காட்டினாள்.

"இதேதான் மேல வரைக்கும் போகுது. இதக் கையில இருந்து விட்டுறாதீக. பாதையப் பாக்க வேணாம், இதப் பிடிச்சிக்கிட்டே வாங்க."

டார்ச் வெளிச்சம் மேகத்தில் பட்டு எங்கள் கண்ணிலேயே அடித்தது. அதை அணைத்துவிட்டோம். குனிந்து, ஈரமான பைப்பைத் தடவிக்கொண்டே ஏறினோம். ஒரு படிவயல் ஏறுவோம், நின்று கூப்பிடுவோம், கேட்போம். பதில் இருக்காது. மறுபடி ஏறுவோம். ஓரிடத்தில் உள்ளங்கையில் பிளாஸ்டிக் சாக்கு சொரசொரவென்று தட்டுப்பட்டது. படத்தில் பார்த்த மஞ்சள் கட்டு. காலையில் அவர் இங்கேதான் நின்றிருக்கிறார்.

"கதிரேசன் அண்ணே" என்று கூப்பிட்டேன்.

கொஞ்சம் தள்ளி, மேகத்துக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"இங்கனதான் இருக்கேன் டீச்சர். நேரா வராதீங்க. முன்னால தரை இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகாயி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் கல் கட்டை ஒட்டியே பக்கவாட்டில் நடந்து போய், எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டார். கதிரேசன் கல் கட்டின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கேமராவை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தார். இடது கணுக்கால் பெரிதாக வீங்கியிருந்தது.

நடந்தது இதுதான். தரை நிறையத் தெரிய வேண்டும் என்று, கேமராவில் வைத்த கண்ணை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போயிருக்கிறார். படிவயலின் விளிம்பில் கால் பிசகிக் கீழ்த்தட்டில் விழுந்துவிட்டார். எழுந்திருப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. இரண்டடி தவழ்ந்து பார்த்ததில் கைக்குத் தரை தட்டுப்படவில்லை. அப்படியே பின்வாங்கி, கல்லில் சாய்ந்து, யாராவது வரும்வரை அசையக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுதான் அவரைக் காப்பாற்றியது.

வேலாயுதம் சார் ஈரத்தில் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குல்லாவைக் கழற்றிப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"காலையில நான் அப்பிடிச் சிரிக்க வச்சிருக்கக் கூடாதுங்க" என்றார் கடைசியாக.

"அட, அதுக்காகவா வந்தேன்? இல்ல சார். பொறந்ததுல இருந்து ஆயக்குடியில நின்னு இந்த மலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இங்கன நின்னு எங்க ஊரப் பாக்கணும்னு ஒரு ஆச. காலையில கீழ ஒரே பனி. மத்தியானம் வெயிலு அடிக்கவும், இப்பத் தெரியும்னு வந்துட்டேன்."

"பாத்தீங்களா?"

"எங்க. மேடேறுன ஒடனே கீழ வெள்ளையாப் போச்சு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. முருகாயி சிரித்தாள், அவள் வீட்டுக்காரர் சிரித்தார், சார் குல்லாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பயம் போன பிறகு வரும் சிரிப்பு அது, அடக்க முடியவில்லை.

அவரை ஆள் மாற்றி ஆள் தாங்கிக்கொண்டு, அதே பைப்பைப் பிடித்தபடி இறங்கினோம். வேன் கொடைக்கானல் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் அவர் மனைவி கூப்பிட்டார். "ஒண்ணுமில்ல, பாடமெல்லாம் நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார் கதிரேசன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் காலை மாற்றி வைத்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் சில பழக்கங்கள் வந்தன. தனியாக யாரும் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான். கேமராவில் கண் இருக்கும்போது கால் நகரக் கூடாது. நகர வேண்டுமென்றால் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து நகர வேண்டும். நிலக்காட்சி எடுக்கிறவர்களுக்கு முன்புறம் முக்கியம் என்று சொல்லிக் கொடுக்கிறோம், பின்புறமும் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

சாரிடமும் ஒன்று மாறியது. மூலைகளைத் தொடுவதை விடவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. "இது என்ன? எங்க இருந்துச்சு?" என்று கேட்பார். படம் எடுத்தவர் சொன்ன பிறகு, வைப்பதா வெட்டுவதா என்று அவரையே முடிவு செய்யச் சொல்வார். தனக்குத் தெரியாத ஒன்றை வெட்டச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தார்.

அடுத்த தை மாதம் கதிரேசன் மறுபடி வந்தார், இந்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு. கூக்காலில் முருகாயியின் கொழுந்தன் தோட்டத்தில், கல் கட்டுக்கு இந்தப் பக்கமே ட்ரைபாடை ஊன்றி, வெள்ளனே மூன்று எக்ஸ்போஷரில் எடுத்தார். மூன்றையும் சேர்த்தபோது பூண்டுத் தாளில் இருந்த பனித்துளியும் தெரிந்தது, வானத்தின் மடிப்பும் தெரிந்தது. நடுவில், வெகு கீழே, சமவெளி. இடது மூலையிலிருந்து ஓஸ் பைப் வளைந்து போய் அந்தச் சமவெளியைப் பார்க்கும்படி கண்ணை இழுத்தது. அதை அவர் வேண்டுமென்றே வைத்திருந்தார். அவர் மனைவி திரையில் விரலை வைத்து, "இதுல நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்க, அவரும் ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

நித்யா, உன் கேள்விக்கு வருகிறேன். எக்ஸ்போஷர் பாடத்தைக் குறைத்துக்கொள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வானத்தையும் தரையையும் போனே சேர்த்துக் கொடுக்கிறது என்றால் கொடுக்கட்டும், எத்தனை பேருடைய படத்தில் நான் தார் பார்த்திருக்கிறேன் தெரியுமா. ஆனால் பையைத் திறக்கும் முன் நிற்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதே. எங்கே நிற்கிறோம் என்பதைப் போன் பார்த்துச் சொல்வதில்லை.

என் கடைசி வகுப்பு வட்டக்கானலில் முடிந்தது. எல்லாரும் வேனில் ஏறி, கதவு சாத்தி, கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் கூட்டிக்கொண்டு போனவர்கள் ஒருவர் விடாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான். விருதுகள் வாங்கிய படங்கள் சில உண்டு, அவற்றைப் பற்றி நினைப்பதே இல்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் டீ போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். எதிரே இருந்த யூகலிப்டஸ் மரங்களை மேகம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்று யோசித்தேன். யாரையும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். வாசல் கேட்டைக்கூடக் காணவில்லை, அவ்வளவு வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே டீயைச் சூடாகக் குடித்து முடித்தேன்.